நாக்குக்குத் தெரியாமல்

புதன்கிழமை, காலை 9.40.

ருசி அறையின் நீளமான மேசைமேல் நாற்பத்திரண்டு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. நாக்கம்மா இருபத்தேழாவது கோப்பையிலிருந்து ஒரு கரண்டித் தேநீரைச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பும் தொட்டியில் துப்பினாள். துப்பியதைக் குனிந்து பார்த்தாள்.

"இது தேயிலைச் சிவப்பு இல்லையே" என்றாள். அடுத்த நொடி கரண்டியோடு தரையில் சரிந்தாள்.

முதலில் கத்தியவர் உள்நாக்கு. ஜன்னலோரத்திலிருந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்து, அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மேடம்! மேடம்! யாராவது வண்டியைக் கூப்பிடுங்கப்பா!" என்று கட்டடம் அதிரக் கத்தினார். அவர் கத்தியதற்கு நாலு பேர் சாட்சி.

பட்டப்பெயர்களுக்கு விளக்கம் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேயிலைக் கம்பெனியின் தலைமைச் சுவைஞர் அவள். இருபத்தாறு வருடமாக அவள் நாக்கு 'சரி' என்றால் மூட்டை கப்பலேறும், 'சீ' என்றால் திரும்பிப் போகும். அதனால் நாக்கம்மா. அவளுக்கு அடுத்த சுவைஞர் பதினான்கு வருடமாக அவள் பின்னாலேயே இருக்கிறார். நாக்குக்குப் பின்னால் தொங்குவது உள்நாக்குதானே! கம்பெனியில் எவனோ வேலையற்றவன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

பகல் 1.20.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். போன வருடம் வரை அவரால் ஒரு படி ஏற முடியாது. யூரிக் ஆசிட் கூடி, வலது கால் கட்டைவிரல் கத்தரிக்காய்போல் வீங்கி, சீருடைக்குக் கீழே ஒரு காலில் ஷூவும் மறுகாலில் ரப்பர் செருப்பும் போட்டுத் திரிந்தவர். இப்போது தினம் ஒரு மாத்திரை, இரண்டு காலிலும் ஷூ. இந்த வெற்றியை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். பின்னால் வந்த ஏட்டம்மாவுக்கு மட்டும் முப்பது தடவை சொல்லியிருப்பார்.

டாக்டரம்மா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே நாக்கம்மா முகமூடியோடு படுத்திருந்தாள். காய்ச்சல் நூற்று மூன்று. வாயெல்லாம் புண்.

"போலீஸைக் கூப்பிட்டது நான் இல்ல. அவங்கதான் கூப்பிடச் சொன்னாங்க" என்றார் டாக்டரம்மா.

"என்ன நோய்?"

"உடம்பைக் காக்கவேண்டிய படையே ரத்தக் குழாய்களைத் தாக்குற நோய். வேலியே பயிரை மேயுதுன்னு வச்சுக்கோங்க. நாலு வருஷம் முன்னால மூக்கு, நுரையீரல், கிட்னி எல்லாத்துலயும் கை வச்சுது. எட்டு மாசம் போராடி அடக்கினோம். அடக்கினோம்னா ஒழிச்சோம்னு அர்த்தம் இல்ல, தூங்க வச்சிருக்கோம். தினம் ரெண்டு மாத்திரை. அந்த மாத்திரைக்கு அவங்க வீட்ல 'தாலாட்டு'ன்னு பேரு."

"தாலாட்டை நிறுத்தினா?"

"முழிச்சிக்கும்."

"இப்போ முழிச்சிருக்கா?"

"இல்ல, அதுதான் விசித்திரம். நோய் தூங்குது. ஆனா படையே அழிஞ்சுபோச்சு. மூணு வருஷமா ஒரே அளவு மாத்திரை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். அஞ்சு வாரம் முன்னால பார்த்தப்போ எல்லாம் ஒழுங்கா இருந்தது. இன்னிக்குப் பாருங்க."

அறிக்கையை ஏட்டம்மா வாங்கி உரக்கப் படித்தார். வெள்ளை அணு அறுநூறு. நாலாயிரமாவது இருக்க வேண்டும். தட்டணு முப்பதாயிரம், ஒன்றரை லட்சம் வேண்டும். ஹீமோகுளோபின் எட்டு. சர்க்கரை சரி. கிரியாட்டினின் பழைய அளவே. யூரிக் ஆசிட் ஒன்று புள்ளி நான்கு.

"ஒண்ணு புள்ளி நாலா? கொடுத்து வச்சவங்க!" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு ஒன்பது இருந்தது. மாத்திரை போட்டு ஆறுக்கு வந்திருக்கேன்."

"அதை விடுங்க, அது கூடினாத்தான் நாங்க பார்ப்போம். வெள்ளை அணுவைப் பாருங்க." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாங்க அஞ்சு டாக்டர் உட்கார்ந்து முடிவெடுக்கணும். தாலாட்டுதான் இப்படிப் பண்ணுச்சுன்னு ஆச்சுன்னா இனி ஆயுசுக்கும் அதைக் கொடுக்க முடியாது. வேற ரெண்டு மருந்து இருந்தது. ஒண்ணை ஏத்தினப்போ மூச்சு நின்னுபோய்ப் பிழைச்சாங்க. இன்னொண்ணு கல்லீரலைக் கெடுத்துச்சு. இது மட்டும்தான் ஒத்துவந்தது. இதையும் எடுத்துட்டா நோய் திரும்பும். மிச்சம் இருக்கிற கிட்னி தாங்காது."

"யாரோ எதையோ கலந்தாங்கன்னு நிரூபிச்சா?"

"அப்போ தாலாட்டு நிரபராதி. அணுக்கள் ஏறினதும் மறுபடி ஆரம்பிப்பேன்."

ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு மாத்திரை. அதற்குத் தண்டனை கிடைத்தால் சாகப்போவது நாக்கம்மா. இன்ஸ்பெக்டருக்கு இருந்தது இரண்டு நாள்.

முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நாக்கம்மா கண்ணைத் திறந்தாள்.

"என் மாத்திரை மாறலை சார்" என்றாள். புண்ணான வாயில் ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கிக்கொண்டு வந்தது. "ரெண்டையும் நாக்குல வச்சுத்தான் முழுங்குவேன். வேற மாத்திரைன்னா தெரிஞ்சிருக்கும். சாப்பாட்டுல எதாவது கலந்தாலும் தெரிஞ்சிருக்கும். நான் தப்பா எதையும் சாப்பிடலை. ஆனா யாரோ பண்ணியிருக்காங்க."

"யார்மேல சந்தேகம்?"

அவள் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அங்கே அவள் கணவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணில் நீர் கோத்தது.

"ஆபீஸைப் பாருங்க. வீட்டையும் விடாதீங்க" என்றாள்.

மாலை 3.30.

ருசி அறையில் வாசனை என்று எதுவும் இல்லை. செண்ட் போட்டவர்கள் உள்ளே வரக்கூடாது, பூ கூடாது, வெங்காயம் சாப்பிட்டவன் வாசலோடு சரி. ஏட்டம்மா தலையில் தேய்த்திருந்த எண்ணெயை மோந்து பார்த்து, "கொஞ்சம் தள்ளியே நில்லுங்கம்மா" என்றார் உள்நாக்கு. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தார். செருப்பிலிருந்து பிதுங்கிய கட்டைவிரலைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குத் தன் பழைய எதிரியைத் தெருவில் பார்த்ததுபோல் இருந்தது.

"யூரிக் ஆசிட்டா?"

"ஆமா சார். உயிரு போகுது."

"மாத்திரை போடலையா?"

"ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறாம போடறேன். என் தலையெழுத்து." அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. "மேடம் எப்படி இருக்காங்க?"

"பிழைப்பாங்க. இங்க அவங்க என்ன குடிப்பாங்க, என்ன சாப்பிடுவாங்க?"

"இங்க எவனும் எதையும் முழுங்கறதில்ல சார். ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை உறிஞ்சறோம், முந்நூறும் தொட்டிக்குத்தான். வாய் கொப்பளிக்கிற தண்ணியும் அப்படித்தான். பன்னிரண்டரை மணி வரைக்கும் நாக்குல வேற எதுவும் படக்கூடாது. அதனால மேடம் காலைல மாத்திரையே போட மாட்டாங்க. வேலை முடிஞ்சு பன்னிரண்டரைக்கு வயித்துக்கான கேப்ஸ்யூல் ஒண்ணு, சாப்பிட்ட பிறகு தாலாட்டு ரெண்டு."

"மாத்திரை எங்க?"

உள்நாக்கு தலைமைச் சுவைஞரின் இழுப்பறையைக் காட்டினார். பூட்டு இல்லை. உள்ளே தேயிலை மாதிரி போட்டு வைக்கிற சின்னத் தகர டப்பா ஒன்று. ஈயத்தாள் வாசனைகூட அறைக்கு ஆகாதாம். மாத்திரையாக இருந்தாலும் அட்டையிலிருந்து பிரித்து, மூடி போட்ட டப்பாவில்தான் வர வேண்டும். திங்கள் முதல் சனி வரைக்கானதை ஞாயிற்றுக்கிழமை கணவர் போட்டுக் கொடுப்பார்.

ஏட்டம்மா டப்பாவைக் காகிதத்தில் கவிழ்த்தார். வட்ட மாத்திரை எட்டு, கேப்ஸ்யூல் நான்கு. புதன்கிழமை வேளைக்கு முன்பே விழுந்துவிட்டதால் நாலு நாளைக்கானது பாக்கி. கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு கேப்ஸ்யூலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், காதருகே ஆட்டினார். சத்தம் இல்லை. திரும்ப வைத்தார்.

"இந்த அறைல அவங்க இல்லாத நேரம் உண்டா?"

"நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாங்க சார். திங்கட்கிழமை காலைல மட்டும் முதலாளிகூட மீட்டிங், முக்கால் மணி நேரம். போன மாசம் ரத்த ரிப்போர்ட் வாங்கிட்டு வந்து, 'நூத்துக்கு நூறு! இன்னும் மூணு மாசத்துக்கு என்னை எவனும் அசைக்க முடியாது'ன்னு இதே இடத்துல நின்னு சொன்னாங்க. பாவம்."

"அவங்க வராட்டா அந்த நாற்காலி யாருக்கு?"

"போன தடவை எட்டு மாசம் நான்தான் பார்த்தேன். இப்பவும் பார்ப்பேன். யாராவது பார்க்கணுமே!"

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'நான் மயங்கி விழுந்தால்' என்று தலைப்பு. கீழே நோயின் பெயர், டாக்டரின் எண், 'இவற்றைக் கொடுக்கவே கூடாது' என்று நாலு மருந்துகளின் பெயர். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி ஜீப்பில் கிடந்தது. ஏட்டம்மா போட்டோ எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, காலை 10.00.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் கருவிப்பெட்டி அவர் பக்கத்திலேயே இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"டப்பாவை நிரப்பறது நீங்களா?"

"நான்தான். மூணு வருஷமா ஒரு ஞாயிறுகூடத் தவறலை."

"அவங்க வேலையை விடணும்னு சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். நோயாளி தினம் முந்நூறு கோப்பை உறிஞ்சணுமா? கேட்டது தப்பா?"

ஏட்டம்மா அவர் போனை நீட்டினார். "பத்து நாள் முன்னால, 'இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினால் என்ன ஆகும்'னு தேடியிருக்கீங்க."

கணவரின் கை கருவிப்பெட்டி மூடியை இறுக்கிப் பிடித்தது.

"ஆயுசு முழுக்க ஒருத்தி மாத்திரை முழுங்கிட்டு இருந்தா பயமா இருக்காதா? நிறுத்த முடியுமான்னு பார்த்தேன். நிறுத்தினா செத்துடுவான்னு போட்டிருந்தது. போனை மூடிட்டேன்." அவர் நிமிர்ந்தார். "என்னைச் சந்தேகப்படச் சொன்னது யாரு சார்? அவளா?"

இன்ஸ்பெக்டர் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார். அதுவே பதிலாகிவிட்டது. கணவர் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றார். அந்த முதுகைப் பார்க்க ஏட்டம்மாவுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் நடிக்கத் தெரிந்த முதுகுகளையும் அவர் சர்வீஸில் பார்த்திருக்கிறார்.

மாடியில் நாக்கம்மாவின் தங்கை. வேலை மருந்துக்கடையில். அக்காவின் மாத்திரை எல்லாம் இவள் கையால்தான் வருகிறது. போதாக்குறைக்கு அக்காவும் தங்கையும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"ஏன்?"

"ஒருத்தர் மூலிகைப் பொடி கொடுத்தாரு. இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இதைச் சாப்பிட்டா நோய் வேரோட போயிடும்னாரு. நானும் நம்பி வாங்கிட்டு வந்தேன். அக்கா அதை சிங்க்குல கொட்டி, 'மருந்துக்கடைல வேலை பார்க்கிற உனக்கு மூளை வேண்டாமா'ன்னு மாமா முன்னாடியே கத்தினா."

"கொட்டினது போக மிச்சப் பொடி?"

"இருக்கு, எடுத்துட்டுப் போங்க." அவள் முகம் சிவந்தது. "நான் சாப்பாட்டுல கலந்துட்டேன்னு நினைக்கிறீங்களா? எங்க அக்காவுக்கா? தண்ணி எந்தக் குழாய்லருந்து பிடிச்சதுன்னு சொல்லுவா. பால்ல ஒரு சொட்டு பழைய பால் சேர்ந்தா கண்டுபிடிப்பா. அவ நாக்கைத் தாண்டி ஒரு துரும்பு உள்ள போகாது."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பேச்சு உறைத்தது. நேற்று நோயாளி சொன்னதும் இதையேதான். அப்படியானால், உள்ளே போனது எதுவோ, அது நாக்கைத் தொடாமல் போயிருக்கிறது.

"வீட்டு ஸ்டாக்கை எடும்மா" என்றார்.

தங்கை அட்டைகளை எடுத்து வைத்தாள். இன்ஸ்பெக்டர் அட்டையிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை உடைத்து எடுத்து, காதருகே ஆட்டினார். உள்ளே கடுகு உருள்வதுபோல் சலசலவென்று சத்தம் கேட்டது.

பகல் 1.00.

டாக்டரம்மாவின் மேசைமேல் இரண்டு வெள்ளைக் காகிதம். வீட்டுக் கேப்ஸ்யூலைப் பிரித்தால் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் உருண்டன. ஆபீஸ் கேப்ஸ்யூலைப் பிரித்தால் மாவுபோல் பொடி.

"கேப்ஸ்யூலைத் திறந்து, மணியைக் கொட்டிட்டு, வேற எதையோ அரைச்சு அடைச்சிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கேப்ஸ்யூல் வயித்துக்குப் போய்த்தான் கரையும். நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? இது என்ன பொடி?"

"தெரியலை. லேப்ல அஞ்சு நாள் ஆகும்."

"நாளைக்கு நாலு மணிக்கு உங்க மீட்டிங்."

"என்ன பொடின்னே தெரியாம என்னால மத்த டாக்டர்களுக்குப் பதில் சொல்ல முடியாது சார். வெறும் மைதாவா இருந்தா? பழி மறுபடி தாலாட்டுமேலதான் விழும்."

அட்டையிலிருந்து பிரித்த பிறகு நடந்த வேலை இது. பிரித்தவர் கணவர். டப்பா கிடந்த இடம் ருசி அறை. ஏட்டம்மா கணவரை அழைத்து வந்து உட்கார வைக்கலாம் என்றார். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, "தெரியலைம்மா. எதையோ பார்த்துட்டே பார்க்காம விட்டுட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை, காலை 7.30.

இன்ஸ்பெக்டரின் மனைவி ஒரு கையில் தண்ணீரும் மறுகையில் மாத்திரையும் நீட்டினார். "இதைப் போடலைன்னா திரும்ப அந்த ரப்பர் செருப்புதான், ஞாபகம் இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் மாத்திரையை வாயருகே கொண்டுபோனவர் நின்றார். உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஏட்டம்மாவுக்குப் போன் போட்டார்.

"அந்தச் சுவர் அட்டை போட்டோவைப் பெருசாக்கிப் படி. கொடுக்கக்கூடாத மருந்து நாலு."

ஏட்டம்மா படித்தார். மூன்றாவது பெயரில், "நிறுத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்த போன் டாக்டரம்மாவுக்கு. "டாக்டர், அந்த ஒண்ணு புள்ளி நாலு. அவ்வளவு கம்மியா ஏன் இருக்கு?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஐயோ!" என்றார் டாக்டரம்மா. "கூடினாத்தானே பார்ப்போம். குறைஞ்சா யாரு பார்க்கிறா!"

"நானும் பார்க்கலையே. பொறாமைதான் பட்டேன். ஒன்பது மணிக்கு மூணு பேரை அனுப்பறேன். குடிதண்ணீர்ல கோளாறான்னு தெரியணும், உங்க ரத்தத்தையும் பார்க்கணும்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கறேன். அந்த ஒரு எண்ணும் எனக்குக் கட்டாயம் வேணும்."

பகல் 12.10.

ருசி அறை. கணவர் வாசலுக்குப் பக்கத்தில், யாரையும் பார்க்காமல். தங்கை அவருக்கு எதிர்ப்புறம். உள்நாக்கு தலைமைச் சுவைஞரின் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். ஏட்டம்மா இன்று தலையில் எண்ணெய் வைக்காமல் வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் மேசையில் கையை ஊன்றினார்.

"ஊர்ல ஒரு விஷம் இருக்கு. நான் தினமும் சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது. நாக்கம்மா சாப்பிட்டா மட்டும் விஷம். ஏன்னா தாலாட்டு மாத்திரை உடம்புல சேர்ந்து நிற்காம வெளியேறணும். இந்த மருந்து வெளியேற விடாது. அணைக்குத் தண்ணி வர்றது வந்துட்டே இருக்கும், மதகு மட்டும் மூடிக்கும். அஞ்சு வாரத்துல அணை உடைஞ்சிடும். அளவு கூட்டாமலே அளவுக்கு மிஞ்சின கதைதான்."

"என்ன மருந்து சார் அது?" என்று கேட்டாள் தங்கை. கேட்கும்போதே அவள் முகம் மாறியது. மருந்துக்கடைக்காரி அல்லவா.

"யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை."

அறையில் எல்லோரும் ஒரு கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

"என் மாத்திரையா?" உள்நாக்கு சிரித்தார். "ஊர்ல பாதிப் பேர் போடறான் சார். நீங்களே போடறீங்க."

"போடறேன். அதனாலதான் எனக்கு ஆறு. இன்னிக்குக் காலைல உங்க எல்லாருக்கும் எடுத்த ரத்தத்துல அந்த எண்ணைப் பார்த்தோம். அவங்க கணவருக்கு அஞ்சு புள்ளி ஒண்ணு. தங்கச்சிக்கு நாலு. ரெண்டு பேரும் அந்த மாத்திரையைத் தொட்டதே இல்ல, அது சரிதான். வாழ்க்கைல அந்த மாத்திரையைப் பார்த்தே இராத நாக்கம்மாவுக்கு ஒண்ணு புள்ளி நாலு. ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறாம முழுங்கற உங்களுக்கு ஒன்பது புள்ளி எட்டு." இன்ஸ்பெக்டர் குனிந்தார். "உங்க ரத்தத்துல இருக்கவேண்டியது அவங்க ரத்தத்துல இருக்கே, எப்படி?"

உள்நாக்கு காலைக் கீழே இறக்கினார். வலியில் முகம் சுருங்கியது.

"எனக்கு மாத்திரை கேட்கலை. சிலருக்குக் கேட்காது."

"கேட்டுது. உங்க ஆஸ்பத்திரிக் கார்டைப் பார்த்துட்டேன். ரெண்டு வருஷமா அஞ்சுக்கு மேல, ஆறுக்குக் கீழ. அந்தக் கார்டுக்கு மாசம் முப்பது மாத்திரைதான் கொடுப்பாங்க, ஒண்ணுகூட அதிகம் கேட்க முடியாது. கேட்டா எழுதி வைப்பாங்க. அதனால உங்களுக்கானதையே அரைச்சு அவங்களுக்குக் கொடுத்துட்டீங்க. அஞ்சு வாரமா உங்க கால் அதுக்குத்தான் கத்துது."

"வீட்ல எவனாவது பண்ணியிருக்கலாம்!"

"வீட்ல யாருக்கும் அந்த மாத்திரை இல்ல. எதைக் கொடுக்கக்கூடாதுன்னு அவங்களே எழுதி இந்தச் சுவத்துல ஒட்டியிருக்காங்க. உயிரைக் காப்பாத்தறதுக்காக எழுதின அட்டை. உங்க மாத்திரை பேரைத் தினமும் அதுல படிச்சிருக்கீங்க. திங்கட்கிழமை காலைல மீட்டிங் முக்கால் மணி நேரம், பூட்டில்லாத இழுப்பறை, அட்டையிலருந்து பிரிச்சு வச்ச கேப்ஸ்யூல். வாசனை ஆகாதுன்னு வச்ச வழக்கம் உங்களுக்கு வசதியாப் போச்சு. ரிப்போர்ட் நல்லா வந்த மறு திங்களே ஆரம்பிச்சிருக்கீங்க. அடுத்த டெஸ்டுக்கு மூணு மாசம் இருக்கே!" இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவைப் பார்த்தார்.

ஏட்டம்மா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். "உங்க மேசை இழுப்பறை மூலையில பொறுக்கினது. ஒன்பது வெள்ளை மணிகள். கேப்ஸ்யூல்லருந்து கொட்டினதுதான்."

உள்நாக்கு கோப்பை வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நான் கொல்ல நினைக்கலை சார். ரத்தம் கொஞ்சம் இறங்கும், டாக்டர் மாத்திரையை நிறுத்துவாங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"நிறுத்தினா?"

"நோய் திரும்பும். வீட்ல இருப்பாங்க. போன தடவை மாதிரி."

"போன தடவை பிழைச்சாங்க. இந்தத் தடவை?"

"எட்டு மாசம் இந்த நாற்காலில உட்கார்ந்தேன்" என்றார் உள்நாக்கு. கேள்வியே அவர் காதில் விழாததுபோல் இருந்தது. "ஒரு மூட்டைகூடத் தப்பாப் போகலை. அவங்க திரும்பி வந்தாங்க. 'எழுந்திரு'ன்னுகூடச் சொல்லலை. பக்கத்துல வந்து நின்னாங்க, நான் எழுந்துட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை 'நூத்துக்கு நூறு'ன்னு வந்து நிப்பாங்க. நானும் கை தட்டுவேன். எத்தனை தடவை சார் கை தட்டறது?"

கணவர் இரண்டே எட்டில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஏட்டம்மா இடையில் புகுந்து பிரிக்க வேண்டியதாயிற்று. "என்னைக் கூண்டுல நிறுத்திட்டியேடா! அவ கண்ணுல என்னைக் கூண்டுல நிறுத்திட்டியேடா!" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். அதுவரை மாமாவின் முகத்தை நேராகப் பார்க்கக் கூசிய தங்கை, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை நாலு மணிக் கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. தாலாட்டு மாத்திரை நிரபராதி என்று ஐந்து டாக்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.00.

வெள்ளை அணு நாலாயிரத்து எண்ணூறு. இன்று முதல் தாலாட்டு பாதி மாத்திரை, பிறகு ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நாக்கம்மா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நோய் அடங்கியிருந்தது, பயம் அடங்கவில்லை. தண்ணீரைத் தானே பிடித்துக் குடித்தாள். தங்கை சமைக்கும்போது அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கணவர் மாத்திரை அலமாரிப் பக்கமே போகவில்லை. பேச்சு இருந்தது, அதில் விஷயம் இல்லை.

அவள் அட்டையை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பிரிங்க."

"நீயே பிரிச்சுக்கோ."

"ஏன்?"

"அன்னிக்குப் போலீஸ்கிட்ட நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "சரி, கோபம்தான். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவன்மேல எப்படி உனக்கு அப்படித் தோணும்?"

"பயந்துட்டேங்க" என்றாள் நாக்கம்மா. "செத்துடுவேன்னு பயம். பயத்துல எல்லாரையும் சொன்னேன், உங்களையும் சேர்த்துச் சொல்லிட்டேன். தப்புதான். இன்னும் எத்தனை வருஷம் இதை முழுங்கணுமோ தெரியாது. தினமும் சந்தேகப்பட்டுக்கிட்டே முழுங்க என்னால முடியாதுங்க."

அவர் அட்டையை வாங்கினார். லிஃப்ட் கம்பிகளை இழுத்துப் பழகிய விரல்களால் மாத்திரையைப் பிரித்து, கத்தியால் பாதியாக்கினார். ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அவர் அதை அவள் நாக்கில் வைத்து, டம்ளரை உதட்டருகே பிடித்தார்.

"கசக்குதா?"

"கசக்குது" என்று சொல்லிவிட்டு அவள் விழுங்கினாள்.